‘எனக்கும் வந்துவிடுமோ’ என்று பதறுகிறவர்களுக்கு முழுக்கவனப் பயிற்சி: எங்கிருந்து தொடங்குவது?

எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் இருந்தது. இரவு 11 மணிக்கு மேலும் ஹாலில் விளக்கு எரிந்தால், அம்மா தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து போய் அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு வருவார். நான் போர்வைக்குள் இருந்தபடி அம்மாவின் முகத்தைப் பார்ப்பேன். அப்பாவுக்கு இருமுனைக் கோளாறு, டாக்டர்கள் பைபோலார் என்பார்கள். மனநிலை சில காலம் அளவுக்கு மீறி எழும்பியும் சில காலம் அடியோடு சோர்ந்தும் போகிற நோய். எனக்கு 19 வயதில், செமஸ்டர் தேர்வுக்கு முந்தின இரண்டு இரவும் தூக்கம் வராமல் போனபோது, பாத்ரூம் கண்ணாடி முன்னால் நின்று என் முகத்தையே அதே மாதிரி பார்த்தேன். ‘ஆரம்பிச்சிடுச்சு’ என்றுதான் தோன்றியது. நெஞ்சு படபடத்தது, கை வியர்த்தது, அதுவும் ஓர் அறிகுறி என்று எடுத்துக்கொண்டு இன்னும் பயந்தேன். எனக்கு இருந்தது பதற்ற நோய் என்று ஒரு டாக்டர் சொல்லித் தெரிந்துகொள்ள அதற்குப் பிறகு எட்டு மாதம் ஆனது.

வீட்டில் யாருக்காவது பைபோலாரோ, மனச்சிதைவோ, கடுமையான மனச்சோர்வோ இருந்து, அந்த நிழலிலேயே வளர்ந்து, இப்போது எதற்கெடுத்தாலும் பதறுகிற இளையவர்களுக்காக இதை எழுதுகிறேன். 15லிருந்து 25 வயது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு யாரோ ‘மெடிட்டேஷன் பண்ணு, சரியாயிடும்’ என்று சொல்லியிருப்பார்கள். எனக்கும் சொன்னார்கள், செய்தேன், முதல் முறை மோசமாகப் போனது. எப்படிச் செய்திருக்க வேண்டும் என்பது பிறகுதான் புரிந்தது.

முதலில், எந்தப் பயிற்சிக்கும் முன்னால் ஒரு விஷயம். நம்மைப் போன்றவர்கள் ஏற்கெனவே நம்மை அளவுக்கு மீறிப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். இன்று கொஞ்சம் அதிகமாகப் பேசினேனா, ஏன் இவ்வளவு சிரித்தேன், நேற்று வாங்கின சட்டை தேவைதானா, இது அப்பா செய்கிற மாதிரி இருக்கிறதே. இதற்குப் பெயர் கண்காணிப்பு, வாசலில் போலீஸ் நிற்கிற மாதிரி. முழுக்கவனம், அதாவது மைண்ட்ஃபுல்னெஸ், என்று நான் சொல்வது கவனிப்பு, திண்ணையில் உட்கார்ந்து தெருவைப் பார்க்கிற மாதிரி. யார் போனாலும் பார்க்கிறோம், யாரையும் நிறுத்தி விலாசம் கேட்பதில்லை. இந்த வித்தியாசம் புரியாமல் கண்ணை மூடி உட்கார்ந்தால் போலீஸ் இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வரும். எனக்கு நடந்தது அதுதான்.

இந்தப் பயிற்சி எங்கிருந்து வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ‘இதெல்லாம் சாமியார் வேலை’ என்று நினைக்கிறவர்களும் உண்டு, ‘இது நம்ம ஆட்கள் எப்பவோ கண்டுபிடிச்சது, இதுக்கு எதுக்கு டாக்டர்’ என்கிறவர்களும் உண்டு. வேர் பௌத்த தியான மரபில் இருக்கிறது, அதில் சந்தேகமில்லை. அதை மருத்துவமனைக்குள் கொண்டுவந்தவர் ஜான் கபாட்-ஜின். 1979ல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில், நாள்பட்ட வலியோடு அலைகிறவர்களுக்காக ஒரு வகுப்பாகத் தொடங்கினார், பிறகு அது 8 வார வகுப்பாக நிலைத்தது. அப்புறம் ஜிண்டெல் சீகல், மார்க் வில்லியம்ஸ், ஜான் டீஸ்டேல் என்ற மூவர், மனச்சோர்வு திரும்பத் திரும்ப வருகிறவர்களுக்காக இதைச் சிந்தனைச் சிகிச்சையோடு, அதாவது நினைப்புகளை அலசிப் பார்க்கிற பேச்சுச் சிகிச்சையோடு, சேர்த்து ஒரு முறையாக்கினார்கள். பிள்ளைகளுக்கு அந்த வகுப்பு ரொம்ப நீளம் என்பதால் ரேண்டி செம்பிளும் ஜெனிஃபர் லீயும் அதை மாற்றி, உட்காருகிற நேரத்தைக் குறைத்து, தொடுவது, சுவைப்பது, கேட்பது என்று புலன்கள் வழியாகப் போகிற 12 வாரத் திட்டமாக அமைத்தார்கள்.

நம் கதைக்கு நேரடியாக வருகிற ஆராய்ச்சி அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் நடந்தது. பெற்றோரில் ஒருவருக்கு பைபோலார், பிள்ளைக்குப் பதற்ற நோய். நம் வீடுதான். 9 முதல் 16 வயது வரையிலான 9 பேருக்கு அந்த 12 வார முறையைக் கொடுத்து, முன்னும் பின்னும் மூளையை ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள், 2016ல் முடிவு வெளிவந்தது. பதற்றம் குறைந்திருந்தது. மனதைக் கலக்குகிற படங்களைப் பார்க்கும்போது, உடம்புக்குள் நடப்பதை உணர்கிற இன்சுலா என்ற பகுதியும், கவனத்தையும் உணர்ச்சியையும் சீர் செய்கிற சிங்குலேட் என்ற பகுதியின் முன்புறமும் முன்பைவிடக் கூடுதலாக வேலை செய்தன. நல்ல செய்திதான். ஆனால் 9 பேர் என்பது ஒரு வேனில் ஏறிவிடக்கூடிய கூட்டம், பயிற்சி எடுக்காத இன்னொரு குழுவோடு ஒப்பிட்டும் பார்க்கவில்லை. ஆகவே ‘நிரூபணம் ஆகிவிட்டது’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நம்பிக்கை தருகிறது, அவ்வளவுதான்.

இந்த ஆராய்ச்சியை ஏன் செய்தார்கள் என்பதில்தான் உங்களுக்கான முக்கியமான தகவல் இருக்கிறது. பதற்றத்துக்கு வழக்கமாகக் கொடுக்கிற, மனச்சோர்வுக்கான மாத்திரைகள், பைபோலார் இருக்கும் குடும்பத்துப் பிள்ளைகள் சிலருக்கு எரிச்சலையும் அமைதியின்மையையும் கூட்டிவிடலாம், சிலருக்கு மிகையெழுச்சியை, அதாவது பைபோலாரில் மனநிலை அளவுக்கு மீறி எழும்புகிற நிலையை, கூடத் தூண்டிவிடலாம். அதனால் மாத்திரை அல்லாத வழியும் வேண்டும் என்று தேடினார்கள். இதைப் படித்துவிட்டு ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருக்கிற மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், திடீரென்று நிறுத்துவது தனி ஆபத்து. டாக்டரிடம் ‘எங்க வீட்டுல இன்னாருக்கு இந்த நோய் இருக்கு’ என்று வாயைத் திறந்து சொல்லுங்கள், அதற்குத்தான் இது. என்னிடம் முதல் டாக்டர் குடும்ப வரலாறு கேட்டபோது, பக்கத்தில் அம்மா இருந்தார், இரண்டு பேரும் ஒரே குரலில் ‘அப்படி எதுவும் இல்லை’ என்றோம்.

வீட்டில் என்ன இருந்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்

இது முதல் படி, கஷ்டமான படியும் இதுதான். நம் வீடுகளில் நோய்க்குப் பெயர் இருக்காது. ‘சித்தப்பாவுக்கு நரம்புத் தளர்ச்சி’, ‘பாட்டிக்கு யாரோ செய்வினை வெச்சுட்டாங்க’, ‘அவன் ரொம்பப் படிச்சதால அப்படி ஆயிட்டான்’. சண்டை வந்தால் மட்டும் ‘கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்பிடுவேன்’ என்று ஒரு சொல் பறக்கும். வரன் பார்க்கிற வயதில் பெண் இருக்கிற வீடென்றால் பேச்சே எடுக்க முடியாது. ஆனாலும் கேட்டாக வேண்டும், ஏனென்றால் பெயர் தெரியாத பயம்தான் ராத்திரி பெரிதாக வளரும்.

யாரிடம் கேட்பது? அம்மா அப்பாவிடம் நேரடியாகக் கேட்பது சங்கடமென்றால், அத்தையோ பெரியம்மாவோ, பழைய கதையை அழாமல் சொல்லக்கூடிய ஒருவர் இருப்பார். அரிசி புடைக்கும்போதோ கோயிலுக்குப் போகிற வழியிலோ கேளுங்கள், எதிரே உட்கார்த்தி வைத்து விசாரணை மாதிரி வேண்டாம். முக்கியமாகத் தெரிய வேண்டியது நான்கு: டாக்டர் சொன்ன பெயர் என்ன, எந்த வயதில் தொடங்கியது, எந்த மருந்துக்குக் கேட்டது, தொடங்குவதற்கு முன்னால் என்ன மாறியது. பீரோவில் பழைய மருந்துச் சீட்டு இருந்தால் இன்னும் நல்லது. என் அத்தை ஒரு மஞ்சள் பையிலிருந்து எடுத்துக் கொடுத்த சீட்டில், பைபோலாருக்குக் கொடுக்கிற லித்தியம் என்ற மருந்தின் பெயர் இருந்ததைப் பார்த்துத்தான் எனக்கு விஷயமே புரிந்தது.

தெரிந்த பிறகு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பெற்றோரில் ஒருவருக்கு பைபோலார் இருந்தால் பிள்ளைக்கு அதே நோய் வர ஏறக்குறைய 100ல் 10 வாய்ப்பு என்கிறார்கள், பொதுமக்களில் 100ல் 1 அல்லது 2. மனச்சிதைவுக்கும் ஏறக்குறைய இதே அளவுதான். ஐந்திலிருந்து பத்து மடங்கு என்று கேட்டால் அடிவயிறு கலங்கும், 10 பிள்ளைகளில் 9 பேருக்கு அந்த நோய் வருவதில்லை என்று கேட்டால் கொஞ்சம் மூச்சு வரும், இரண்டும் ஒரே கணக்குதான். பதற்றமும் மனச்சோர்வும் இப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகளுக்குச் சற்று அதிகமாக வரும் என்பதும் உண்மை, அதை மறைக்கவில்லை. அவற்றுக்குச் சிகிச்சை இருக்கிறது.

ஒரு முறை டாக்டரைப் பார்த்துவிடுங்கள்

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை எல்லாவற்றிலும் மனநலப் பிரிவு உண்டு, ஓபி சீட்டு வாங்கினால் போதும். தமிழ்நாட்டில் மாவட்ட மனநலத் திட்டம் வழியாக மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் பார்க்கலாம். படபடப்புக்குத் தைராய்டோ ரத்தசோகையோ காரணமாக இருக்கலாம், அதையும் பரிசோதித்துவிடுவது நல்லது. ஒரு நாளைக்கு ஐந்து காபி குடித்துவிட்டு நெஞ்சு அடிக்கிறது என்று நான் அழுததும் உண்டு, அதனால் காபிக் கணக்கையும் சொல்லுங்கள்.

மனநல மருத்துவர் வேறு, உளவியலாளர் வேறு. மருந்து எழுதுவது மருத்துவர். பேச்சு வழியாகவும் பயிற்சி வழியாகவும் சிகிச்சை தருவது உளவியலாளர், அவர்களில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று சொல்லிக்கொள்கிறவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. மூன்று கேள்வி கேளுங்கள்: இளையவர்களோடு வேலை செய்திருக்கிறீர்களா, முழுக்கவனப் பயிற்சி நீங்களே எங்கே கற்றீர்கள், பயிற்சியின் நடுவில் எனக்கு ஏதாவது மோசமானால் என்ன செய்வீர்கள். மூன்றாவது கேள்விக்கு ‘அதெல்லாம் ஒண்ணும் ஆகாது’ என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடலாம் என்பது என் கட்சி. நீங்கள் சொல்வதை ரகசியமாக வைத்திருப்பது 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி உங்கள் உரிமை. 18 வயதுக்குக் கீழே என்றால் வீட்டாரும் சேர்ந்து வர வேண்டியிருக்கும்.

சில நேரங்களில் பயிற்சியைத் தொடங்கவே கூடாது. யாரும் இல்லாதபோது குரல் கேட்கிறது, எல்லோரும் என்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்று உறுதியாகத் தோன்றுகிறது, இரண்டு மூன்று ராத்திரி தூங்காமலும் களைப்பே தெரியவில்லை, செத்துப்போகலாம் என்ற எண்ணம் வருகிறது, அண்மையில் பெரிய இழப்போ அதிர்ச்சியோ நடந்திருக்கிறது. இவற்றில் ஒன்று இருந்தாலும் முதலில் டாக்டர், பயிற்சி எல்லாம் அப்புறம். அதே போல, பத்து நாள் பேசாமல் உட்கார்ந்திருக்கிற மௌன முகாம்கள் நம் குடும்ப வரலாறு உள்ளவர்களுக்கு ஆரம்ப இடம் கிடையாது. தூக்கம் குறைந்து, மணிக்கணக்கில் உள்ளுக்குள்ளேயே இருப்பது சிலரைப் புரட்டிப் போட்டிருக்கிறது. நான் போனது இரண்டே நாள் முகாம்தான். 45 நிமிடம் கண்ணை மூடச் சொன்னார்கள், பத்தாவது நிமிடத்தில் மூச்சு நின்றுவிடும் போல ஆகி எழுந்து ஓடினேன். நடத்தியவர் ‘உள்ளே இருக்கிற அழுக்கு வெளியே வருது, மாத்திரையை விட்டுடுங்க’ என்றார். அந்த அழுக்கை நம்பி இன்னொரு வருஷம் வீணானது.

முதல் வாரம்: பாதம்

கண் திறந்தே இருக்கட்டும். நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு பாதங்களையும் வெறும் தரையில் வையுங்கள். மொசைக் என்றால் சில்லென்று இருக்கும், மொட்டைமாடி என்றால் சுடும், மண் தரை என்றால் நறநறவென்று இருக்கும். குதிகால் எங்கே படுகிறது, விரல்கள் எங்கே படவில்லை, வலது பாதத்துக்கும் இடது பாதத்துக்கும் ஏதாவது வித்தியாசம் தெரிகிறதா. மூன்று நிமிடம். மனசு ஓடிவிடும், ஓடினது தெரிந்ததும் பாதத்துக்குத் திரும்புங்கள். ஓடினதற்காகத் திட்ட வேண்டாம், ஏனென்றால் திரும்பி வருவதுதான் பயிற்சியே. மூன்று நிமிடத்தில் நாற்பது தடவை ஓடினால் நாற்பது தடவை திரும்பினீர்கள் என்று கணக்கு.

எல்லோரும் மூச்சிலிருந்து தொடங்கச் சொல்வார்களே என்று கேட்கலாம். பதற்றக்காரர்களுக்கு மூச்சு நம்பகமான இடமில்லை. மூச்சைப் பார்த்ததுமே அது சரியாக வருகிறதா என்ற சந்தேகம் வந்து, வேண்டுமென்றே இழுத்து, தலை கிறுகிறுத்து, பதற்றம் கூடிவிடும். பாதம் அப்படிப் பயமுறுத்தாது. நெஞ்சிலிருந்து எவ்வளவு தூரமோ அவ்வளவு நல்லது.

எப்போது செய்வது? ஏற்கெனவே தினமும் நடக்கிற ஒரு காரியத்தோடு ஒட்டிவிடுங்கள். பல் தேய்த்ததும், அல்லது காலேஜ் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும். ஒரே ஹாலில் ஆறு பேர் இருக்கிற வீட்டில் தனியிடம் தேடினால் தேடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். பாதத்தைக் கவனிப்பதை யாரும் கண்டுபிடிக்கவும் முடியாது, இதில் எனக்குப் பிடித்ததே அதுதான், தேர்வு ஹாலில் கூடச் செய்யலாம்.

இரண்டாம் வாரம்: நெல்லிக்காய்

கபாட்-ஜின்னின் வகுப்பில் ஓர் உலர்திராட்சையைக் கையில் கொடுத்து, முதல் முறையாகப் பார்க்கிற மாதிரி பார்த்து, மோந்து, மெதுவாகச் சாப்பிடச் சொல்வார்கள். நான் அதைப் பெரிய நெல்லிக்காயில் செய்தேன், சிபாரிசும் செய்வேன். கோடுகளைப் பாருங்கள், விரலால் உருட்டுங்கள், கடிக்கும் முன் வாயில் எச்சில் ஊறுவதைக் கவனியுங்கள். முதல் கடியில் புளிப்பும் துவர்ப்பும் நாக்கின் ஓரத்தைப் பிடிக்கும், முகம் தானாகச் சுளிக்கும், துப்பிவிடலாம் போல இருக்கும். துப்பாமல் இருந்து, மென்று முடித்து, ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள். தித்திக்கும். தண்ணீரில் யாரும் சர்க்கரை போடவில்லை. ஒன்று வந்து, மாறி, இன்னொன்றாகப் போவதை நாக்கிலேயே பார்த்துவிட்டால், பதற்றம் வரும்போது ‘இது இப்படியே இருந்துவிடும்’ என்ற பயம் கொஞ்சம் தளர்கிறது. வாரத்தில் மூன்று நாள் போதும், மற்ற நாட்களில் முதல் வாய்ச் சோற்றை மட்டும் ஃபோன் இல்லாமல் சாப்பிடுங்கள்.

உட்காரவே முடியாத அளவுக்குப் பரபரப்பாக இருக்கிறவர்கள் நடக்கலாம். மாடியில் பத்தடி போய்த் திரும்பி, பாதம் தூக்குவது, போவது, பதிவது என்று மட்டும் பார்த்துக்கொண்டு. சாமி சுற்றுவது போலத்தான், வேண்டுதல் மட்டும் கிடையாது.

மூன்றாம் வாரத்திலிருந்து: மூச்சு, கொஞ்சமாக

இப்போது மூச்சுக்கு வரலாம், அதுவும் பாதத்தில் தொடங்கி. உள்ளே போகிற மூச்சை விட்டுவிட்டு வெளியே போகிற மூச்சை மட்டும் கவனியுங்கள், அது கொஞ்சம் நீளமாகப் போகட்டும். மூச்சை நீட்டி விடும்போது இதயத் துடிப்பு சற்று மெதுவாகும், உடம்பின் அமைப்பு அப்படி. பத்து மூச்சு. தலை சுற்றினால் பாதத்துக்குத் திரும்பிவிடுங்கள், அதில் தோல்வி எதுவும் இல்லை.

இது பழகியதும், மனச்சோர்வுக்கான அந்த 8 வார முறையில் வருகிற மூன்று நிமிடப் பயிற்சியைச் சேர்த்துக்கொள்ளலாம். முதல் நிமிடம், இப்போது எனக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பது: என்ன நினைப்பு, என்ன உணர்ச்சி, உடம்பில் எங்கே இறுக்கம். இரண்டாவது நிமிடம், கவனத்தை மூச்சில் குவிப்பது. மூன்றாவது நிமிடம், அங்கிருந்து முழு உடம்புக்கும், உட்கார்ந்திருக்கிற அறைக்கும் விரிப்பது. நாளுக்கு மூன்று தடவை என்று அங்கே சொல்வார்கள். எனக்கு ஒரு தடவைதான் முடிந்தது, அதிலும் ஞாயிற்றுக்கிழமைகள் விட்டுப்போகும்.

‘என்று ஒரு நினைப்பு’

இதுதான் எனக்கு அதிகம் உதவியது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். தமிழில் நாம் ‘எனக்குப் பயம் வருது’, ‘கோபம் வருது’, ‘அழுகை வருது’ என்கிறோம். வருகிறது என்றால் எங்கிருந்தோ வருகிறது, வந்தது போகவும் செய்யும், விருந்தாளி மாதிரி. ஆனால் நோயைப் பற்றிய எண்ணத்தை மட்டும் அப்படிச் சொல்வதில்லை. ‘நானும் அப்பா மாதிரி ஆயிடுவேன்’ என்று முடிந்த தீர்ப்பாகச் சொல்லிக்கொள்கிறோம். அந்த வாக்கியம் வரும்போதெல்லாம் அதன் வாலில் ‘என்று ஒரு நினைப்பு வந்திருக்கு’ என்று சேர்த்துப் பாருங்கள். ‘நானும் அப்பா மாதிரி ஆயிடுவேன் என்று ஒரு நினைப்பு வந்திருக்கு.’ வாக்கியம் பொய்யென்று வாதாடவில்லை, துரத்தவும் இல்லை, கொஞ்சம் தள்ளி உட்கார வைத்திருக்கிறோம். அப்புறம் பாதம். அப்புறம் செய்துகொண்டிருந்த வேலை.

முதலில் இது வெறும் வார்த்தை விளையாட்டு மாதிரி இருக்கும். எனக்கும் ஒரு மாதம் அப்படித்தான் இருந்தது. பதற்றம் இல்லாத நேரத்தில், ‘பஸ் லேட்டாகும் என்று ஒரு நினைப்பு’, ‘அவன் என்னைப் பார்த்துச் சிரிச்சான் என்று ஒரு நினைப்பு’ என்று சின்ன விஷயங்களில் பழகிக்கொண்டால்தான் பெரிய அலை வரும்போது வாய்க்கு வரும். வெள்ளம் வந்த பிறகு நீச்சல் கற்க முடியாது.

நோட்டில் எழுதுவது எவ்வளவு, எழுதாமல் விடுவது எவ்வளவு

ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள், ராத்திரி ஒரே வரி: எத்தனை மணிநேரம் தூங்கினேன், பயிற்சி செய்தேனா. அவ்வளவுதான். மனநிலைக்கு மதிப்பெண் போடுகிற ஆப்கள் சிலருக்கு உதவும், எனக்கு அது மறுபடி போலீஸ் வேலையாகிவிட்டது, மணிக்கு ஒரு தடவை மார்க் போட்டுக்கொண்டிருந்தேன், அழித்துவிட்டேன்.

தூக்கத்தை ஏன் எழுத வேண்டும் என்றால், நம் வீட்டு நோய்களில் முதலில் மாறுவது பெரும்பாலும் அதுதான். பதற்றத்தில் தூக்கம் வராதவருக்கு மறுநாள் உடம்பு அடித்துப் போட்ட மாதிரி இருக்கும், தூங்க மாட்டோமா என்று ஏங்குவார். மிகையெழுச்சியில் மூன்று மணிநேரம் தூங்கிவிட்டு, தேவையே இல்லை என்கிற மாதிரி சுறுசுறுப்பாக இருப்பார். பேச்சு வேகமாகும், திட்டம் பெரிதாகும், செலவு கைமீறும். ஒரு நாள் இப்படி இருப்பதை வைத்து முடிவு கட்ட வேண்டாம், தொடர்ந்து நான்கைந்து நாள் இருந்தால் டாக்டரிடம் போய்விடுங்கள். இதை நீங்களே 24 மணிநேரமும் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. நம்புகிற ஒருவரிடம், எனக்கு என் தங்கை, ‘இப்படி நாலு நாள் இருந்தா என்கிட்ட சொல்லு’ என்று வேலையை ஒப்படைத்துவிடுங்கள். காவல் பொறுப்பு கைமாறின அன்றுதான் எனக்குப் பயிற்சியே பிடிபட்டது.

தூக்க நேரத்தைக் காப்பாற்றுவதும் பயிற்சிதான், உட்காருவதற்காகத் தூக்கத்தைக் குறைக்காதீர்கள். அதிகாலை நாலு மணிக்கு எழுந்து தியானம் என்பதெல்லாம் நமக்கு வேண்டாம்.

வீட்டில் மோசமான நாட்கள்

அப்பாவுக்கோ அம்மாவுக்கோ நோய் திரும்புகிற நாட்களில் பிள்ளைகள் எல்லாவற்றையும் தாங்கிக்கொள்ளப் பார்ப்பார்கள். முழுக்கவனம் கற்றுக்கொண்டவர்கள் இதில் ஒரு தப்புச் செய்வார்கள், ‘நான் அமைதியா இருந்தா எல்லாம் சரியாயிடும்’ என்று. நீங்கள் அமைதியாக இருப்பதால் அவர் நோய் குறையாது. பதறினதால் கூடவும் இல்லை. அந்த நாட்களில் மருந்து, டாக்டர், உதவிக்கு மாமாவோ பக்கத்து வீட்டுக்காரரோ, இதுதான் வரிசை. அடி உதை இருக்கிற இடத்தில் பாதத்தைக் கவனித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது, அந்தப் பாதத்தால் வெளியே நடக்க வேண்டும்.

பெற்றோர் யாராவது இதைப் படித்தால் ஒன்று. பிள்ளையை உட்காரச் சொல்லி விரட்டாதீர்கள், கூட உட்காருங்கள். ‘தியானம் பண்ணினியா’ என்ற கேள்வி ‘ஹோம்வொர்க் பண்ணினியா’ மாதிரிதான் காதில் விழும். பிரிட்டனில் 85 பள்ளிகளில் 8,000க்கு மேற்பட்ட மாணவர்களை வைத்துச் செய்த பெரிய ஆய்வு 2022ல் வந்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் வகுப்பாக இந்தப் பயிற்சியைக் கொடுத்ததில் வழக்கமான பாடத்தைவிடப் பெரிதாக ஒன்றும் பலன் தெரியவில்லை. பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் பயிற்சி செய்யவே இல்லை. வேண்டி வருகிறவர்களுக்குக் கொடுப்பதும், வரிசையில் உட்கார வைத்துக் கொடுப்பதும் ஒன்றல்ல. அதே 2022ல், பதற்ற நோய் உள்ள பெரியவர்களிடம் 8 வார முழுக்கவன வகுப்பு, எஸ்சிடலோப்ராம் என்ற மாத்திரைக்குக் குறையாத பலன் தந்ததாக அமெரிக்க ஆய்வு ஒன்று சொன்னது. பெரியவர்கள், தாங்களாக வந்தவர்கள், வாரா வாரம் ஆசிரியரோடு. இரண்டையும் சேர்த்துப் படித்தால் எதிர்பார்ப்பை எங்கே வைப்பது என்று புரியும்.

எவ்வளவு நாளில் தெரியும் என்று கேட்பீர்கள். எனக்கு ஆறாவது வாரம், வைவா நடக்கும் அறை வாசலில். படபடப்பு அப்படியே இருந்தது, குறையவில்லை. ஆனால் படபடப்பைப் பார்த்து வருகிற இரண்டாவது பயம் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அதையே கவனித்தேன். எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம் ஒழுங்காகச் செய்தும் ஒன்றுமே மாறவில்லை என்றால், அல்லது செய்யச் செய்ய மோசமாகிறது என்றால், நிறுத்திவிட்டு டாக்டரிடம் வேறு வழி கேளுங்கள். சிந்தனை நடத்தைச் சிகிச்சை இருக்கிறது, மருந்து இருக்கிறது, குடும்பமாக உட்கார்ந்து பேசுகிற சிகிச்சை இருக்கிறது.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் சில எண்களை இன்றைக்கே எழுதி வையுங்கள், ஃபோனில் சார்ஜ் இருக்கும்போது தேடிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். இந்தியா முழுக்க 24 மணிநேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். தமிழ்நாட்டில் 104ம் உண்டு. இலங்கையில் இருந்தால் 1926. உயிர் போகிற அவசரம் இருந்தால்தான் கூப்பிட வேண்டும் என்றில்லை. நான் முதல் முறை 104ஐக் கூப்பிட்டு இரண்டு நிமிடம் பேசவே இல்லை, அந்தப் பக்கத்தில் இருந்தவர் ‘அவசரமில்லை, இருக்கேன்’ என்றார். அப்புறம் நான் கேட்ட முதல் கேள்வி, ‘எங்க அப்பாவுக்கு பைபோலார் இருக்கு, இதை நான் டாக்டர்கிட்ட சொல்லலாமா’ என்பதுதான்.